பம்ப்செட்டுக்கு ஒரு சிம் கார்டு

ஏற்றம் இறைத்தவர்கள் சும்மா பாடவில்லை. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கு அந்தப் பாட்டுக்குள்ளேயே இருந்தது. பாட்டு நகர நகர எண்ணும் ஏறும். பாட்டு நின்றால் கணக்கும் நிற்கும். வரப்பில் உட்கார்ந்திருப்பவர் காதைக் கொடுத்தால் போதும். எவ்வளவு தண்ணீர் பாய்ந்திருக்கிறது, மிதிப்பவர் களைத்துவிட்டாரா, நடுவில் யாராவது புகையிலை போட ஒதுங்கினார்களா, எல்லாம் தெரிந்துவிடும். இன்றைய பொறியாளர்களைக் கேட்டால், எண்ணும் கருவி, எச்சரிக்கை மணி, நிலவரத் திரை மூன்றும் சேர்ந்த கண்காணிப்பு மென்பொருள் அது என்பார்கள். ஒரே குறை, குரல் எட்டும் தூரம்தான் அதன் எல்லை.

இன்று தர்மபுரி மாவட்டத்தில் ஊருக்கு வெளியே மோட்டார் ரூமிலோ, மேல்நிலைத் தொட்டியின் காலடியிலோ ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பார்க்கலாம். திறந்தால் கான்டாக்டர், ரிலே, கைப்பிடி அளவில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, அதன் பக்கத்தில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு மோடம், அதற்குள் ஒரு சிம் கார்டு. பெட்டியின் தலையிலிருந்து எலிவால் போல ஓர் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடுகிறதா, மூன்று பேஸும் வருகிறதா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்பதை எங்கோ ஓர் அலுவலகத் திரைக்கோ விவசாயியின் சட்டைப்பையிலிருக்கும் போனுக்கோ அது சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டுக் கருவிக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பிஎல்சி. திரையில் பார்க்கும் மென்பொருளுக்கு ஸ்காடா.

எனக்கு இந்தப் பெட்டியின் மீது ஒரு தனிப் பிரியம் உண்டு. காரணம், அதற்குள் இருக்கும் எதுவுமே தண்ணீருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஒன்று கார்த் தொழிற்சாலையிலிருந்து வந்தது, ஒன்று ராணுவ ராடாரிலிருந்து, ஒன்று எண்ணெய்க் குழாயிலிருந்து. புல்வெட்டும் இயந்திரம் விற்கப் போனவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிணம் அடக்கம் செய்யும் தொழிலில் இருந்த ஒருவருக்கும் உண்டு.

முதலில், தூரம் எப்போது ஒரு பிரச்சினை ஆனது? கவலை ஓட்டிய காலத்தில் மாடு இருந்த இடத்தில் ஆளும் இருந்தாக வேண்டும். தண்ணீர் நின்றால் முதலில் தெரிவது அவருக்குத்தான். 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் கீழே இறங்கியது. மேட்டூரிலும் மின்நிலையம் வந்தது. 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கோவைப் பட்டறைகளின் பம்ப்செட்டுகள் தமிழ்நாட்டுக் கிணறுகளையெல்லாம் பிடித்துக்கொண்டன. மோட்டாருக்கு ஆள் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. அதுதான் அதன் அழகு, அதுவே வினையும். ஆள் வீட்டில், மோட்டார் காட்டில். நடுவில் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

இதே கேள்வி உலகின் வேறு மூலைகளில் வேறு ஆட்களை முன்பே குடைந்திருக்கிறது. 1874இல் பிரெஞ்சுப் பொறியாளர்கள் மோன் பிளாங்க் மலைமேல் வானிலையையும் பனியின் ஆழத்தையும் அளக்கும் கருவிகளை வைத்து, அளவுகளைக் கம்பி வழியாகப் பாரிஸுக்கு வரவழைத்தார்கள். மலையேறாமலே மலையைப் பார்க்கும் ஏற்பாடு. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1914இல் பனாமா கால்வாய் திறந்தபோது இதன் ராஜவடிவம் வந்தது. கட்டூன் நீர்ப்பூட்டின் கட்டுப்பாட்டு அறையில் அறுபது அடிக்கும் மேல் நீளமான ஒரு மேசை. அதன்மேல் நீர்ப்பூட்டின் சிறு மாதிரி. வெளியே நிஜக் கதவு நகர நகர மேசையில் பொம்மைக் கதவும் நகரும். வெளியே தண்ணீர் ஏறினால் உள்ளே அளவுகாட்டியும் ஏறும். தப்பான வரிசையில் கைப்பிடியைத் திருப்பினால் அது திரும்பவே திரும்பாது. இன்று ஸ்காடா திரையில் நீல நிறத்தில் நிரம்பி வழியும் தொட்டிப் படம் இருக்கிறதே, அதற்குப் பாட்டன் இந்த மேசைதான்.

ஆனால் பனாமாவில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனிக் கம்பி. பல மைல் தூரத்துக்கு அப்படி இழுத்தால் செம்பு வாங்கியே திவாலாகிவிடலாம். ஒரே கம்பியில் பல செய்திகள் அனுப்ப வழி வேண்டும். அந்த வழி ஒரு பொறாமையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்தார். ஊரில் சாவு விழுந்தால் ஆட்கள் போன் செய்து அவரைக் கேட்பார்கள். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் பெண்ணோ போட்டிக் கடைக்காரரின் மனைவி. அழைப்புகளை அவர் புருஷன் பக்கம் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜருக்குச் சந்தேகம். இது உண்மையோ கட்டுக்கதையோ, 1891இல் ஆளே இல்லாத தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு அவர் காப்புரிமை வாங்கியது உண்மை. துடிப்புகளை எண்ணி, படிப்படியாக நகர்ந்து, சரியான இணைப்பைத் தேடிப் பிடிக்கும் சாதனம் அது. மின்வாரியங்கள் அதே சாதனத்தை வாங்கி வேறு வேலைக்கு வைத்தன. எண்ணைச் சுழற்றினால் அந்த முனையில் தொலைபேசி மணி அடிப்பதற்குப் பதில் ஒரு துணை மின்நிலைய சுவிட்ச் விழும். ஆளில்லாத துணை மின்நிலையங்கள் இப்படித்தான் பிறந்தன.

அந்தச் சாதனத்தின் உயிர் ரிலே. சிறு மின்னோட்டம் ஒரு காந்தத்தை எழுப்ப, அந்தக் காந்தம் ஒரு பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்து காட்டியது. களைத்த தபால் குதிரையை நிறுத்தி அடுத்த நிலையத்தில் புதுக் குதிரை பூட்டுவதற்குச் சொன்ன பெயரைத் தந்திக்காரர்கள் இதற்கு வைத்துவிட்டார்கள். ஏரிக்கரை மோட்டார் ரூமில் டப்பென்று அடிக்கும் அந்தச் சத்தத்துக்குள் ஒரு குதிரை இருக்கிறது.

ரிலேக்களைக் கோத்துக் கோத்து எதையும் செய்யலாம். 'தொட்டி நிரம்பவில்லை, மூன்று பேஸும் இருக்கிறது, ஓவர்லோடு இல்லை, அப்படியென்றால் மட்டும் மோட்டாரை ஓட விடு' என்ற முழு வாக்கியத்தையும் ரிலேயாலேயே எழுதலாம். சிக்கல், வாக்கியத்தைத் திருத்தும்போதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு இது தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான ரிலேக்கள் கொண்ட அலமாரிகளைப் பிரித்து மறுபடி கம்பி கட்ட வேண்டும். பல சமயம் தூக்கி எறிவதே லாபம். 1968இல் அதன் ஹைட்ராமேட்டிக் பிரிவு, கம்பியை மாற்றாமல் வேலையை மாற்றக்கூடிய ஒரு பெட்டி வேண்டுமென்று கேட்டது.

அதே 1968 புத்தாண்டு நாளில், முந்தைய இரவுக் கொண்டாட்டத்தின் தலைவலியோடு டிக் மார்லி என்ற பொறியாளர் இப்படியொரு பெட்டிக்கான குறிப்பை எழுதினார் என்பது துறையில் எல்லோரும் சொல்லும் கதை. ஒரே மாதிரியான வேலையை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாகச் செய்து சலித்துப்போனவர் அவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் இருந்த பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸுக்கு இது 84ஆவது வேலை. அதனால் பெட்டிக்கு 084 என்று பெயர். மாடுலர் டிஜிட்டல் கன்ட்ரோலர் என்பதைச் சுருக்கி மாடிகான் என்று புது நிறுவனமும் தொடங்கினார்கள். 1969இல் ஜெனரல் மோட்டார்ஸ் வாசலுக்குப் போன பெட்டிகளில் மாடிகானுடையதே முதல் என்று சொல்ல முடியாது. கணினி உலகின் பெரிய பெயரான டிஇசி முந்திக்கொண்டது. ஆனால் வென்றது மாடிகான். காரணம் வேகமல்ல. ஏணிப் படிகளைப் போல வரையப்படும் ரிலே படத்தையே அவர்கள் நிரல்மொழியாக வைத்துவிட்டார்கள். பட்டறை எலக்ட்ரீஷியன் புது மொழி எதையும் படிக்க வேண்டியதில்லை. நேற்றுவரை காகிதத்தில் பார்த்த படத்தை இன்று திரையில் பார்த்தார். பெட்டியில் விசிறி கிடையாது, ஆன் ஆஃப் சுவிட்சும் கிடையாது. தொழிற்சாலையில் அதை யாரும் அணைக்கவே கூடாது என்பது கொள்கை.

லேடர் என்று அழைக்கப்படும் அந்த ஏணிப்படம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஐடிஐ முடித்த பையன் ஒருவன் சேகோ ஆலையிலோ சர்க்கரை ஆலையிலோ லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தால், அவன் பார்ப்பது காகிதத்தில் வரைந்த அதே ரிலேக்களின் ஆவிகளை. ரிலே இல்லாத இடத்தில் ரிலேயின் படம்!

பெட்டி தயாரானது, பெட்டிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமே? 1979இல் மாடிகான் தன் பெட்டிகளுக்காக ஒரு பேச்சுமுறையை வெளியிட்டது. பெயர் மாட்பஸ். கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி ஒருவர் மட்டும் கேள்வி கேட்பார். மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய் திறப்பார்கள். 'ஏழாம் எண்காரரே, உம்மிடமுள்ள முதல் கட்டத்தில் என்ன எண்?' 'முந்நூற்று எண்பத்தெட்டு.' அவ்வளவுதான் உரையாடல். அந்த 388 வோல்டேஜா, தண்ணீரின் உயரமா என்று மாட்பஸுக்குத் தெரியாது. எப்போது அளந்தது என்றும் சொல்லாது. கேட்பவர் யார் என்று விசாரிப்பதும் இல்லை, கடவுச்சொல்லும் கிடையாது.

இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் அது வாழ்ந்தது. விதிமுறை பகிரங்கமாகக் கிடைத்தது, உரிமத் தொகை இல்லை. ஜெர்மானியர், ஜப்பானியர், தைவான்காரர், கடைசியில் நம் ஊர் மீட்டர் தயாரிப்பாளர்கள்வரை எல்லோரும் நகலெடுத்தார்கள். மாடிகான் கை மாறி மாறி ஷ்னைடர் எலெக்ட்ரிக் வசம் போனது. 2004இல் மாட்பஸ் உரிமையையே தனி அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நகலெடுத்தவர்களோடு ஒரு சின்னக் குழப்பமும் ஊரெல்லாம் பரவியது. கையேட்டில் முதல் கட்டத்தின் எண் 40001. கம்பியில் போகும்போது அதே கட்டம் பூஜ்யம். சில தயாரிப்பாளர்கள் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், சிலர் பூஜ்யத்திலிருந்து. இந்த ஒற்றை எண்ணால் உலகம் முழுக்க வீணான மாலை நேரங்களைச் சேர்த்தால் ஒரு யுகம் தேறும்.

அடுத்தது மோடம். 1950களில் சோவியத் குண்டுவீச்சு விமானங்களை நினைத்து அமெரிக்கா தூக்கமில்லாமல் இருந்தது. நாடு முழுக்க ராடார்களை நட்டு, அவை பார்ப்பதைக் கணினிக்கு அனுப்ப வேண்டும். இருந்தது தொலைபேசிக் கம்பி ஒன்றுதான். அதுவோ மனிதக் குரலுக்கானது. எண்களைச் சத்தமாக மாற்றி அனுப்பி, அந்த முனையில் சத்தத்தை மீண்டும் எண்ணாக்குவது என்று தீர்மானித்தார்கள். ஒருவகையில் ஏற்றப்பாட்டேதான்: எண் பாட்டாகிறது, பாட்டு எண்ணாகிறது.

1981இல் அட்லாண்டா பக்கத்து டென்னிஸ் ஹேய்ஸும் அவர் கூட்டாளி டேல் ஹெதரிங்டனும் ஸ்மார்ட்மோடம் என்று ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். கணினிப் பொழுதுபோக்குக்காரர்களுக்கான பொருள். கேட்கச் சிறிய சிக்கல்தான்: ஒரே கம்பியில்தான் தகவலும் போக வேண்டும், மோடத்துக்கான உத்தரவும் போக வேண்டும். எது எதுவென்று மோடத்துக்கு எப்படித் தெரியும்? உத்தரவு நிலை, தகவல் நிலை என்று இரண்டாகப் பிரித்து, உத்தரவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ, டி என்ற இரண்டு எழுத்தை வைத்தார்கள். 'அட்டென்ஷன்', அதாவது 'இங்கே கவனி' என்பதன் சுருக்கம். 'ஏடி டி' என்று எழுதி எண்ணைத் தட்டினால் டயல் செய்யும். போட்டியாளர்கள் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டு 'ஹேய்ஸுக்கு ஒத்தது' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்றார்கள். நகல்கள் பெருகின, விலை விழுந்தது. 1990களின் கடைசியில் ஹேய்ஸ் நிறுவனம் திவாலாகி மறைந்தது. மொழி மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று தர்மபுரி தொட்டியடியில் இருக்கும் சீன மோடத்தையும் 'ஏடி' என்று கூப்பிட்டால்தான் 'ஓகே' என்னும். சிக்னல் எவ்வளவு என்று கேட்கும் உத்தரவுக்கு 0 முதல் 31க்குள் ஓர் எண் வரும். 99 என்று வந்தால் மோடத்துக்கே தெரியவில்லை என்று பொருள்.

கம்பியை அறுத்துவிட்டது செல்போன். பின்லாந்தில் 1991 ஜூலை 1 அன்று ஜிஎஸ்எம் முறையில் முதல் பொது அழைப்பு போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் முதல் எஸ்எம்எஸ் அனுப்பினார், கிறிஸ்துமஸ் வாழ்த்து. 1995இல் சீமென்ஸ் நிறுவனம் தன் கைபேசி ஒன்றின் உள்ளுறுப்புகளை எடுத்து, திரையும் பொத்தானும் காதுக்குழலும் இல்லாமல், இயந்திரங்களுக்கான தனிப் பொருளாக விற்றது. முகமில்லாத போன். அதே ஆண்டு ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்து இந்தியாவின் செல்போன் கதையைத் தொடங்கிவைத்தார். அப்போது வரும் அழைப்புக்கும் காசு.

2003இல் உள்வரும் அழைப்பு இலவசமானது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் கதைக்குள் நுழைகிறார்கள். எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒரு ரிங் என்றால் 'கிளம்பிட்டேன்', இரண்டு என்றால் 'கூப்பிடு'. உலகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மிஸ்டு கால் என்ற ஒன்றைத் திட்டமிடவே இல்லை. அது ஏழையின் எஸ்எம்எஸ்.

இதை மோட்டாரோடு முடிச்சுப் போட்டவர்களில் பெயர் பெற்றவர் புனேயின் சந்தோஷ் ஓஸ்வால். பம்ப்பைப் போடவும் நிறுத்தவும் தாத்தா இருட்டில் வயலுக்கு நடந்ததைப் பார்த்து வளர்ந்த எலக்ட்ரிக்கல் பொறியாளர். அவர் உருவாக்கிய நானோ கணேஷ் என்ற கருவி 2009இல் நோக்கியா நடத்திய உலகப் போட்டியில் பரிசு வாங்கியது. தர்மபுரி விவசாயிக்கு அந்தத் தாத்தாவின் நடையை விளக்க வேண்டியதில்லை. விவசாயத்துக்கு மின்சாரம் 1990 முதல் இலவசம். ஆனால் அப்போது த்ரீ பேஸ் முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறையென்றால் பதினோரு மணிக்கு டார்ச்சும் கையுமாகப் போக வேண்டும், பாம்புக்கும் பூரானுக்கும் பயந்து. போய்ச் சேர்ந்தால் ஒரு பேஸ் இல்லை. திரும்பி வந்து படுத்ததும் மூன்றும் வந்திருக்கும். 'வந்துருச்சாங்ணா?' என்று பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் அப்போதைய டெலிமெட்ரி. கிணற்றில் தண்ணீர் வற்றியபின்னும் மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் எரியும். ரீவைண்டிங் கடைக்கு ஓட வேண்டும்.

அதே சமயத்தில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கடைசி ஆண்டு மாணவர்களும் இதே கருவியை வீட்டுக்கு வீடு செய்துகொண்டிருந்தார்கள். செய்முறை எளிது. பழைய செல்போன் ஒன்றைத் தானாக அழைப்பை எடுக்கும்படி வைத்து, இயர்போன் துளையிலிருந்து வரும் ஒலியை ஒரு சில்லுக்குக் கொடுப்பார்கள். விவசாயி வீட்டிலிருந்து அழைத்து 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கும். 1963இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பொதுமக்களுக்கு வந்த முறை அது. அந்தச் சுருதிகளை இனம்பிரித்த சில்லு எம்டி8870, கனடாவின் மைட்டெல் நிறுவனத்துடையது. மைட்டெலைத் தொடங்கிய மைக் கௌப்லாண்டும் டெர்ரி மேத்யூஸும் முதலில் புல்வெட்டும் இயந்திரம் இறக்குமதி செய்துதான் பிழைக்க நினைத்தார்கள் என்றும், நிறுவனப் பெயரே அதன் சுருக்கம் என்றும், சரக்கு நேரத்துக்கு வந்து சேராததால் தொலைபேசிப் பொருள்களுக்கு மாறினார்கள் என்றும் சொல்வார்கள். அந்தக் கப்பல் சரியாக வந்திருந்தால் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் ஒரு தலைமுறையே வேறு சில்லைத் தேடி அலைந்திருக்கும்.

பிறகு சீன ஜிஎஸ்எம் தொகுதிகள் மலிந்தன. பழைய போனும் வேண்டாம், சுருதியும் வேண்டாம் என்றானது. அழைப்பவரின் எண்ணைப் பார்த்து, எடுக்காமலே மோட்டாரைப் போடும். பேஸ் போனால் எஸ்எம்எஸ் அனுப்பும். முன்பெல்லாம் போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் டிவியும் ரேடியோவும் டிர்ர் டிர்ர் என்று அலறுமே, நினைவிருக்கிறதா? செல்போன் விநாடிக்கு 217 தடவை துடித்துத் துடித்துச் சக்தியை உறிஞ்சும் சத்தம் அது. மட்டமான பவர் சப்ளை போட்ட நகல் கருவிகள் அந்தத் துடிப்பைத் தாங்காமல் அழைப்பு வரும் கணத்திலேயே மயங்கி விழுந்தன. கூப்பிட்டால் செத்துப்போகிற கருவி! நல்ல தயாரிப்பாளருக்கும் அவசரக் காப்பிக்காரருக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் ஒரு கெப்பாசிட்டரில் இருந்தது.

இப்போது இதற்கு அரசு அங்கீகாரமும் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை. அரசாணைப் பெயர் 'கைப்பேசி மூலம் இயங்கும் தானியங்கி பம்புசெட் கட்டுப்படுத்தும் கருவி'. கடையில் போய் இதைச் சொன்னால் முழிப்பார்கள். 'மொபைல் ஸ்டார்ட்டர்' என்று கேளுங்கள்.

வயல் மோட்டார் ஒரு ஆளின் கவலை. குடிநீர் ஊரின் கவலை, அதுவும் தர்மபுரியில் கொஞ்சம் கூடுதலாகவே. இங்குள்ள பாறை அப்படி. போர் ஆழமாகப் போகப் போக ஃபுளோரைடு கூடிய தண்ணீர் வரும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, வயதானால் எலும்பில் விறைப்பு. காவிரி கண்ணெதிரே ஒகேனக்கல்லில் விழுந்துகொண்டிருக்க, மேட்டிலிருக்கும் ஊர்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தன. 2008 பிப்ரவரியில் கலைஞர் கருணாநிதி அடிக்கல் நாட்ட, ஜப்பானியக் கடனுதவியோடு நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற சொல் உண்டு. செலவு 1,928.80 கோடி ரூபாய். ஒகேனக்கல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரம். தண்ணீர் போய்ச் சேர வேண்டிய ஓசூர் ஏறக்குறைய 900. ஆறு விழுந்து இறங்கிய மலையைத் தண்ணீர் மறுபடி ஏறிப்போக வேண்டும், நீரேற்று நிலையம் நீரேற்று நிலையமாக.

இப்படிப்பட்ட திட்டத்தில் ஒரு தொட்டி நிரம்பினால் கீழே மோட்டார் நிற்க வேண்டும், ஓரிடத்தில் குழாய் உடைந்தால் யாருக்காவது உடனே தெரிய வேண்டும். இத்தனை தொட்டிக்கும் கம்பி இழுக்க முடியாது. டேங்க் ஆபரேட்டர் போன் போட்டுச் சொல்லும் பழைய முறையில் அவர் ஊரில் இருந்தாக வேண்டும். பெரிய நீரேற்று நிலையத்துக்குப் பிஎல்சியும் ஸ்காடாவும் பழகிப்போன விஷயம். ஒற்றைத் தொட்டி நிற்கும் கடைக்கோடிக் குக்கிராமத்துக்குச் சிம் கார்டுதான் கட்டுப்படியாகும்.

ஒரு தடங்கல் உண்டு. சிம் போட்ட மோடத்துக்கு இணையத்தில் சொந்தமாக நிலையான முகவரி கிடைப்பதில்லை. ஆயிரம் பேர் ஒரே கதவிலக்கத்தில் குடியிருக்கிற கதை. அலுவலக மென்பொருள் மாட்பஸ் பாணியில் வெளியிலிருந்து கதவைத் தட்டிக் கேள்வி கேட்க முடியாது. உள்ளே இருக்கிறவர்தான் வெளியே வந்து பேச வேண்டும். இதற்கான தீர்வு 1999இலேயே தயாராக இருந்தது. அமெரிக்க எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கும் ஸ்காடா, செயற்கைக்கோள் வழியே பேசிக்கொண்டிருந்தது. மாறாத அளவையும் திரும்பத் திரும்பக் கேட்டுக் காசைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஆர்லன் நிப்பரும் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் முறையைத் தலைகீழாக்கினார்கள்: கேட்காதே, மாற்றம் இருந்தால் கருவியே சொல்லும், நடுவில் ஒரு தரகர் வாங்கி வைத்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். அதுதான் எம்க்யூடிடி. 2011இல் ஃபேஸ்புக் தன் மெசெஞ்சருக்கும் இதையே எடுத்துக்கொண்டது, போனின் பேட்டரியைத் தின்னாது என்பதற்காக. 'சாப்டாச்சா?' என்ற செய்தியும் 'தொட்டி நிரம்பியாச்சு' என்ற செய்தியும் ஒரே வண்டியில் ஏறி வந்திருக்கின்றன.

கதவைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் வருவார்கள் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மரூச்சி நகராட்சி சாட்சி. 2000ஆம் ஆண்டில் அங்கே கழிவுநீர்ப் பம்ப்புகள் பேய் பிடித்தது போல நின்றன, ஓடின. எட்டு லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காவிலும் ஓடையிலும் ஓட்டல் வளாகத்திலும் பாய்ந்தது. செய்தவர், அந்த ரேடியோக் கட்டுப்பாட்டை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு இருந்தவர். நகராட்சியில் வேலை கேட்டு மறுக்கப்பட்ட கோபத்தில், காரில் லேப்டாப்பும் ரேடியோவும் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். இரண்டாண்டுச் சிறை. கேட்பவர் யாரென்று விசாரிக்காத நல்ல குணம் இப்படியும் முடியும்.

இன்னொரு கவலை, இந்தக் கருவிகள் பேசும் ஜிஎஸ்எம், அதாவது 2ஜி. ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் அதை அணைத்து ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவில் ஏர்டெல் போன்ற நிறுவனங்கள் 3ஜியை முதலில் அணைத்துவிட்டு 2ஜியை விட்டுவைத்தன. பட்டன் போன்காரர்களுக்காகத்தான், அந்த நிழலில் நம் மோட்டார்களும் ஒதுங்கிக்கொண்டன. 2018 முதல் இயந்திரங்களுக்கான சிம்முக்கு 13 இலக்க எண். மனிதருக்குப் பத்து போதும் என்று அரசு நினைக்கிறது. இயந்திரங்கள் நம்மைவிட அதிகமாகப் பெருகும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

வத்தல்மலை, சித்தேரி அடிவாரம் போன்ற இடங்களில் எண் எத்தனை இலக்கமானாலும் சிக்னல் கிடைப்பது வேறு விவகாரம். மலை மறைக்கும். புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்த வரும் டெக்னீஷியன் லேப்டாப்பைத் திறந்து 'ஏடி' என்று கூப்பிட்டு சிக்னல் கேட்பார். 99. ஆன்டெனா ஒயரை நீட்டி, தொட்டியின் இரும்பு ஏணியில் பாதி ஏறி மறுபடி கேட்பார். 7. உச்சிக்கே போய்க் கைப்பிடியில் கேபிள் டை போட்டுக் கட்டினால் 14. ஹேய்ஸ் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

அதற்குள் சட்டைப்பையில் போன் அடிக்கும். அலுவலகத்தில் திரை முன்னால் இருக்கிறவர்.

"தம்பி, டேட்டா வந்துருச்சு. ஆனா டேங்க் மூணு மீட்டர்தானே? இங்க 388 சென்டிமீட்டர்னு காட்டுது. நிரம்பி வழியுதுன்னு மோட்டாரும் ஆஃப் ஆயிடுச்சு."

அவர் குனிந்து இரும்பு மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பார். இடுப்பளவு தண்ணீர்.

"சார், அது வோல்டேஜ் சார். ஒரு நம்பர் குறைச்சுப் போடுங்க."